குப்பமே முழுகாமல் இருந்தபோது

ஒரே நாளில் ஒரு குப்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் முழுகாமல் இருந்ததை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் பார்த்திருக்கிறேன். அதில் ஒருத்திக்கு வயது ஐம்பத்தைந்துக்குக் குறையாது. வாய் நிறைய வெற்றிலையோடு, "எனுக்கும் மூணு மாசம் நர்சம்மா" என்று அவள் சொன்னபோது பக்கத்தில் நின்ற அவளுடைய மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

போன மாதம் என்னை மதித்து உங்கள் செவிலியர் பயிற்சி வகுப்புக்குக் கூப்பிட்டு, சால்வை போட்டு, டீயும் பிஸ்கட்டும் கொடுத்தீர்கள். கிளம்பும் நேரத்தில் உங்களில் ஒரு பெண் எழுந்து கேட்டாள். "மேடம், மூணு மாசம்கூட முடியாத பொண்ணு வந்து, ஊசி போட்டுக்கலாமா வேணாமான்னு கேட்டா நாங்க இன்னா சொல்றது? தப்பாப் போனா எங்களத்தானே புடிப்பாங்க?" நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். மணவாள நகர் வந்து இறங்கும்வரை பஸ்ஸில் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். கேட்ட பெண் நல்ல பெண். அவளுக்குச் சரியான பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊசி, எந்த மாதம் என்பதற்கெல்லாம் உங்களிடம் இன்று அட்டவணை இருக்கிறது. டாக்டர் இருக்கிறார். அவர்களைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். நான் சொல்லப்போவது பெரியம்மைக் காலத்துச் சங்கதி. அந்த நோயும் இப்போது இல்லை, அந்த ஊசியும் இல்லை. ஆனால் அப்போது ஒருத்தி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வியைத்தான் இன்றைக்கும் உங்களிடம் வந்து கேட்கிறார்கள்.

அறுபதுகளின் நடுவில், இருபத்தோரு வயதில், துணைச் செவிலியாக வேலைக்குச் சேர்ந்தேன். கும்மிடிப்பூண்டியில் இன்று கம்பெனிகள் நிற்கிற இடமெல்லாம் அப்போது சவுக்கும் முள்ளுமாகக் கிடந்தது. என் வேலை பிரசவம் பார்ப்பது. ஆனால் எங்கள் சுகாதார நிலையத்தில் அம்மை குத்துகிறவர் ஒருவர் இருந்தார். காக்கி அரைக்கால்சட்டை, தோளில் தகரப் பெட்டி, யாரோடும் சண்டை போடாத சுபாவம். அவர் தலை தெரிந்தால் போதும், ஏரிக்கரைக் குப்பங்களில் பிள்ளைகளை அள்ளிப் படகில் போட்டுக்கொண்டு ஏரிக்கு நடுவில் போய் நின்றுவிடுவார்கள். இவர் கரையில் நின்று கையை ஆட்டுவார், அவர்களும் அங்கிருந்து கையை ஆட்டுவார்கள். மாலைவரை இதுதான் நடக்கும். பெண்கள் ஓர் ஆணுக்கு முன்னால் கையை நீட்டவும் மாட்டார்கள். அதனால் என்னை அவரோடு சேர்த்துவிட்டார்கள். ஆண்களுக்கு அவர், பெண்களுக்கு நான்.

அப்போதைய ஊசி இப்போது நீங்கள் போடுகிற மாதிரி இல்லை. கம்பி முனையில் பல் வைத்த சின்ன வட்டம். கையில் மருந்துச் சொட்டு வைத்து, அதன்மேல் இதை அழுத்தித் திருக வேண்டும். எரியும். எட்டு நாளில் கொப்புளம் கட்டி, காய்ச்சல் வந்து, சாகும்வரைக்கும் தழும்பு இருக்கும். நான் வாங்கிய திட்டுகளை எழுதினால் உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இதை அச்சடிக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்றும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. காலையில் பெட்டியை எடுத்துக்கொண்டு படகில் ஏறினால், குளிர்ந்த காற்றில் ஏரி முழுக்க நாரை நிற்கும். அம்மை குத்துகிறவர் தன் வீட்டு இட்லியில் பாதியை இலையோடு என் பக்கம் தள்ளுவார். "நாஷ்டா துன்னுட்டுத் திட்டு வாங்கினா ஒடம்புல ஒட்டாது, நர்சம்மா" என்பார்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. நோய் இல்லாத நேரத்தில் போகும் சுற்றில், முழுகாமல் இருப்பவர்களுக்குக் குத்தக்கூடாது. முதல் மூன்று மாதம் என்றால் கண்டிப்பாகக் கூடாது. அந்த விதியை ஊருக்குள் அவிழ்த்துவிட்ட புண்ணியவதி நானேதான். அந்தக் குப்பத்தின் முதல் வீட்டில் எட்டு மாத வயிற்றோடு ஒருத்தி வந்து கையை நீட்டினாள். "முழுகாம இருக்கறவங்களுக்கு வேணாம், நீ போ" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். மூன்றாவது வீட்டுக்குப் போவதற்குள் எல்லாருக்கும் மாதம் தள்ளிப் போய்விட்டது. கல்யாணமாகி நாலு நாளான பெண் "ரெண்டு" என்றாள். கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஒருத்தி "அஞ்சு" என்றாள். வெற்றிலைக்காரியைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

கடைசி வீட்டில் தேசம்மா நின்றிருந்தாள். கிட்டத்தட்ட என் வயது. கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் மாமியார் வாசலில் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்கு எத்தினி மாசம்?" என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"ரெண்டு" என்றாள்.

பின்னால் கூடி நின்ற பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். மாமியாரும் சிரித்தாள். தேசம்மாவும் சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! "எல்லாரும் ஒரே நாள்ல பெத்துப் போடுங்கடி, நான் ஒரே நாள்ல வந்து புடிச்சிட்டுப் போறேன்" என்று கத்திவிட்டுப் படகில் ஏறிவிட்டேன். அன்றைக்கு அங்கே ஒரு பெண்ணுக்கும் குத்தவில்லை. இனிமேல் எவளாவது முழுகாமல் இருக்கிறேன் என்றால் நம்பக்கூடாது என்று படகிலேயே முடிவும் செய்துகொண்டேன். நான் செய்த தப்பு அங்கேதான் தொடங்கியது.

மூன்று வாரம் போயிருக்கும். ஊத்துக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெரியம்மை என்று தகவல் வந்தது. நோய் வந்த பெண் தேசம்மாவின் தங்கை. அம்மை வந்த வீட்டுக்கு வெளியாள் போகக்கூடாது என்பதுதான் வழக்கம். ஆனால் அவர்களுக்குத் தாய் இல்லை. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று தேசம்மா கிளம்பிப் போய், ஒரு பகலும் ஓர் இரவும் தங்கையின் பாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, வேப்பிலையால் விசிறி, இளநீர் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறாள். யார் யார் வந்து போனார்கள் என்று அந்தப் பக்கத்து ஊழியர்கள் விசாரித்ததில் அவள் பெயர் வந்தது. எங்களுக்குச் செய்தி கிடைத்தபோது அவள் அந்த வீட்டுக்குப் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

நோயாளியோடு இருந்தவர்களுக்கு மூன்று நாலு நாளுக்குள் குத்திவிட்டால் அம்மை வராமலே போகலாம், வந்தாலும் லேசாகப் போகலாம். அதைத் தாண்டினால் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டியதுதான். நானும் அம்மை குத்துகிறவரும் அடித்துப் பிடித்துக்கொண்டு குப்பத்துக்குப் போனோம். தேசம்மாவை வீட்டுக்குள் கூட்டிப்போய் இரண்டு கையையும் திருப்பிப் பார்த்தேன். பழைய தழும்பு இல்லை. சின்ன வயதில் அவளையும் யாரோ ஒளித்து வைத்திருக்க வேண்டும். கையைத் துடைத்து, சொட்டு வைத்து, ஊசியை எடுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நர்சம்மா, அன்னிக்கி நான் சொன்னது நெசம்."

"இன்னா சொன்னே?"

"ரெண்டு மாசம்னு சொன்னேனே. இப்ப மூணாவது நடக்குது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன்டி சிரிச்சே?" என்றுதான் முதலில் கேட்டேன். என்ன கேள்வி பாருங்கள்.

அவள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "இதுக்கு முன்ன ரெண்டு தபா நின்னுது. ரெண்டு தபாவும் நாப்பது நாள்லயே ஊர் பூரா சொன்னோம். ரெண்டும் மூணாம் மாசத்துல போய்டுச்சி. இந்தத் தபா யாருக்கும் சொல்லல. அவருக்குக்கூட சொல்லல. மனசுக்குள்ளயே வச்சிகினு கீறது எவ்ளோ பேஜாரு தெரியுமா? அன்னிக்கி எல்லாரும் பொய் சொல்லிகினு இருந்தாங்க. நானும் சொன்னா யாரும் கண்டுக்க மாட்டாங்கல்ல? அதான் ஒரு தபா வாய்விட்டு சொல்லிகினேன்."

நான் ஊசியைப் பெட்டியில் வைத்தேன். அவள் கையில் இருந்த சொட்டைத் துடைத்தேன். முழுகாமல் இருப்பவளுக்குக் குத்தக்கூடாது. விதி அப்படி. உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த நேரத்தில் அப்பாடா என்று இருந்தது. குத்தாமல் விட்டால் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க முடியாது. வெளியே மாமியாரிடம் "மருந்து தீந்துடுச்சி, நாளைக்கு வரேன்" என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுக் கரைக்கு வந்தேன்.

"குத்தியாச்சா?" என்றார் அம்மை குத்துகிறவர்.

"இல்லண்ணே. நெஜமாவே முழுகாம இருக்கா."

"அப்ப விடு. சட்டம் நம்ம பக்கம்" என்றார்.

அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. சட்டம் எங்கள் பக்கம், சரி. அந்தப் பெண்ணின் பக்கம் யார்? நாளைக்கு அவளுக்கு அம்மை வார்த்தால் நான் இந்தக் கரையில் வந்து நின்று எந்த முகத்தோடு விதியைச் சொல்வேன்? படகு அக்கரை சேர்வதற்குள் டாக்டரைப் பார்த்தே தீர்வது என்று முடிவு செய்துவிட்டேன். எங்கள் டாக்டர் தினமும் மாலை கவரைப்பேட்டையில் ரயிலேறிச் சென்னைக்குப் போவார். அவரைப் பிடித்தால்தான் உண்டு. பஸ் கிடைக்கவில்லை. மீன் ஏற்றிக்கொண்டு போன லாரியை மறித்து ஏறிக்கொண்டேன்.

டாக்டர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நெட்டையான மனிதர், எதற்கும் பதறமாட்டார். நான் பக்கத்தில் போய் நின்றதும் பெஞ்சின் மறுகோடியில் இருந்த இருவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்கள். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மூன்றே கேள்வி கேட்டார். பழைய தழும்பு இருக்கிறதா? நோயாளியோடு ஒரே அறையில் இருந்தாளா? எத்தனை நாள் ஆயிற்று?

பதிலைக் கேட்டுவிட்டுச் சொன்னார். "அந்த விதியை எந்த ஊருக்கு எழுதினாங்க? நோய் இல்லாத ஊருக்கு. அங்க ஊசியால வர்ற ஆபத்து மட்டும்தான் இருக்கு, அதனால வேண்டாம்னு எழுதினாங்க. இந்தப் பொண்ணு நோய்க்குப் பக்கத்துல ஒரு ராத்திரி உக்காந்துட்டு வந்திருக்கா. இவளுக்கு அந்த விதி பொருந்தாது."

"ஊசியால கருவுக்கு ஒண்ணும் ஆகாதே, டாக்டர்?"

"ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். அபூர்வமா ஆகிறதுண்டுன்னு படிச்சிருக்கேன், பார்த்ததில்ல. ஆனா வயித்துல குழந்தையோட பெரியம்மை கண்ட பொம்பளைங்களைப் பார்த்திருக்கேன்." கடலை உரிப்பதை நிறுத்தினார். "ரெண்டு பேர். ரெண்டு பேரையும் என்னால காப்பாத்த முடியல."

"அப்ப குத்தச் சொல்றீங்க."

"குத்திக்கறதுதான் நல்லதுன்னு நான் சொன்னதா அவகிட்ட சொல்லு. ஆனா கையைப் புடிச்சு இழுத்துக் குத்தாதே. ரெண்டு பக்கத்தையும் சொல்லு. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லு. அவ சரின்னா குத்து."

"தப்பாப் போனா?" என்றேன். ஆமாம், பயிற்சி வகுப்பில் அந்தப் பெண் கேட்ட அதே கேள்விதான். அவள் கேட்டபோது நான் மழுப்பியது அதனால்தான்.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து, அதன் பின்பக்கத்தில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நான் சொல்லித்தான் குத்தினதா இதைக் காட்டு. உன்னைத் தனியா விட மாட்டேன்." ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "நாளையைத் தாண்டக் கூடாது" என்றார். உங்களில் சிலர் நாளைக்கு மேலதிகாரியாக வருவீர்கள். உங்களுக்குக் கீழே வேலை செய்கிற ஒரு சின்னப் பெண் மீன் நாற்றத்தோடு வந்து நின்றால் இப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

மறுநாள் காலை படகை விட்டு இறங்கும்போது தேசம்மாவின் மாமியார் கரையிலேயே நின்றிருந்தாள்.

"மருந்து தீந்துச்சின்னு எங்கைல பொய் சொன்னியே, அதுக்கு இன்னா சொல்றே?" என்றாள். தேசம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "நாலு வருசமா ஒரே பானை சோறு துன்றோம், நர்சம்மா. எங்கைல சொல்லல. ஊர் சிரிக்கறப்ப சொல்லிகீறா. நானும் பல்லக் காட்டிகினு நின்னேனே!"

வீட்டுக்குள் போனோம். தேசம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் எட்டியப்பன் வலையைப் பின்னிக்கொண்டு, "அம்மா இன்னா சொல்லுதோ அதான்" என்று பொறுப்பை முடித்துக்கொண்டான். மாமியாருக்குச் சம்மதமில்லை. "ஆத்தா இப்ப இவ தங்கச்சி ஊட்ல அம்மையா குந்திகினு கீறா. இந்த நேரத்துல இவ கைல ஊசி வச்சா அவளுக்குக் கோவம் வராதா? அங்கருந்து எயுந்து நேரா இங்க வந்துட்டா?"

தேசம்மா என்னைப் பார்த்தாள். "குத்திகினா கரு போய்டுமா?"

ஒண்ணும் ஆகாது, கண்ணை மூடிகினு கையை நீட்டு. இந்த வார்த்தை என் நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். நமக்கு அதைவிட வசதியான பொய் வேறு கிடையாது. விழுங்கிக்கொண்டேன்.

"போகலாம்" என்றேன். "ரொம்ப அபூர்வம்னு டாக்டர் சொல்றார். உனக்கு ஆகாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

"குத்திக்கலன்னா?"

"அம்மை வந்தாலும் வரும், வராமலும் போவும். ஆனா முழுகாம இருக்கறப்ப வந்தா ஒடம்பு தாங்காது. நீயும் போய்டுவே, அதுவும் போய்டும். நீ குத்திக்கறதுதான் நல்லதுன்னு டாக்டர் சொல்லி அனுப்பினார். இன்னிக்கி உட்டா அப்புறம் குத்தியும் பிரயோஜனம் இல்ல."

எட்டியப்பனின் கை வலையில் அப்படியே நின்றிருந்தது.

"நீ முழுவாம இருந்தா இன்னா பண்ணுவே?" என்று கேட்டாள் தேசம்மா. "படிச்சதச் சொல்லாத."

"குத்திக்குவேன்" என்றேன். "பயந்துகினேதான். ஆனா குத்திக்குவேன்."

அவள் தன் இடது கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மாமியாரைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு தபா போச்சே அத்தே, அப்ப யாரு ஊசி போட்டா? ஊசி இல்லாமயேதான் போச்சு. இதுவும் போச்சின்னா அழுவேன். அழறதுக்காச்சும் நான் இருக்கணும்ல?"

சொல்லிவிட்டுக் கையை என் பக்கம் நீட்டினாள். மாமியார் எழுந்து உள்ளே போனாள். சண்டைக்குத்தான் ஏதோ எடுத்துவரப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, வீட்டு மூங்கிலில் கட்டிவிட்டு, நெற்றியில் திருநீறோடு வந்து மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"குத்து. ஆத்தாகைல நான் பேசிக்கிறேன்" என்றாள்.

தேசம்மாவின் கையைத் துடைத்து, சொட்டு வைத்து, ஊசியை அழுத்தித் திருகினேன்.

குத்தியதோடு முடிந்ததா என்றால் இல்லை. எட்டாம் நாள் தேசம்மாவுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. ஊசிக்கும் எட்டாம் நாள் காய்ச்சல் வரும். அவள் தங்கை வீட்டுக்குப் போய்வந்த நாளிலிருந்து எண்ணினால் பெரியம்மைக்கும் அதுதான் காய்ச்சல் வரும் நாள். இது எந்தக் காய்ச்சல் என்று சொல்ல என்னாலும் முடியாது, டாக்டராலும் முடியாது. இரண்டு மூன்று நாளில் உடம்பில் முத்துப் போடுகிறதா என்று பார்த்தால்தான் தெரியும். மாமியார் வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "வந்துட்டா" என்று ஒரு வார்த்தை சொன்னாள். என்னை அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஒரு சொல் திட்டவில்லை.

நான் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அங்கேயே தங்கிவிட்டேன். "நீ அங்க குந்திகினு இருந்தா காய்ச்சல் எறங்கிடுமா?" என்றார் அம்மை குத்துகிறவர். சொல்லிவிட்டு மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அவரே படகில் வந்தார். பொழுது விடிந்தால் அவள் நெற்றி, பகலில் உள்ளங்கை, பொழுது சாயும்போது நாக்கு என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு கொசுக்கடியைப் பார்த்துவிட்டு, முத்துதான் என்று விளக்கைக் கொண்டுவரச் சொன்னேன். மூன்றாம் நாள் மத்தியானம் அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் விட்டது. உடம்பு முழுக்கத் தேடினேன். கையில் ஊசி குத்திய இடத்தில் ஒரே ஒரு கொப்புளம், பெரிதாக, நடுவில் குழி விழுந்து. வேறெங்கும் ஒன்றும் இல்லை.

மாமியார் மஞ்சளும் வேப்பிலையும் கலந்து, அம்மை இறங்கியவர்களுக்கு ஊற்றுவதுபோலவே மருமகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். "ஆத்தா வந்தா. ஒத்தக் கொப்புளத்தோட கெளம்பிட்டா. நான்தான் பேசி அனுப்பிச்சேன்" என்று குப்பம் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் மறுக்கவில்லை. அடுத்த சுற்றில் அந்தக் குப்பத்துப் பெண்கள் ஒருத்தி விடாமல் வந்து கையை நீட்டினார்கள். எல்லாருக்கும் ஒத்தைக் கொப்புளத்தோடு ஆத்தா போய்விட வேண்டுமாம். தேசம்மாவின் தங்கையும் பிழைத்தாள், ஆனால் அவளுக்கு ஒரு கண் போய்விட்டது.

தாய் பிழைத்துவிட்டாள். வயிற்றில் இருந்தது என்ன ஆகும் என்ற பயம் அதற்குப் பிறகுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மூன்றாம் மாதம் தாண்டியது. ஐந்தாம் மாதம் குழந்தை அசைந்தது. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை நான் அந்தப் படகில் ஏறிவிடுவேன். ஊசியின் கொப்புளம், தாயின் கையில் கட்டியதுபோல, உள்ளே குழந்தையின் உடம்பிலும் கட்டியிருந்தால்? அதை நாங்கள் யாரும் வாய்விட்டுப் பேசவே இல்லை. பேசாமலே எனக்கும் தேசம்மாவுக்கும் மாமியாருக்கும் அந்தப் பயம் இருந்தது.

அதற்கு முன்னால் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பிரசவம் எப்படி முடிந்திருந்தாலும், அன்று காலை அந்த வீட்டில் நான் சொன்னவற்றில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். தப்பாகப் போனால் நம்மைத்தான் பிடிப்பார்கள், ஆமாம். பிடிக்கட்டும். தெரிந்ததைச் சொன்னோமா, தெரியாததை ஒளிக்காமல் இருந்தோமா, நம்முடைய தோலைக் காப்பாற்றிக்கொள்ள விதிக்குப் பின்னால் ஒளிந்தோமா என்று பாருங்கள். நான் திருத்திக்கொண்டது வேறொன்று. எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. வேலை போய்விடும் என்று பயந்து அங்கே பெண்கள் கருவை மறைப்பார்கள். அவர்களைப் பார்க்கப் போனபோதெல்லாம் நான் வரிசையில் நிற்க வைத்து யாரையும் கேட்டதில்லை. ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன். சிரித்துக்கொண்டே பதில் சொன்னவளிடம் இன்னொரு தடவை கேட்பேன்.

ஐப்பசி மழையில் ஒரு முற்பகல், எட்டியப்பன் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு வந்து என்னைக் கூட்டிப்போனான். தேசம்மாவுக்கு வலி எடுத்து வெகுநேரம் ஆகியிருந்தது. அவனை வாசலுக்கு அனுப்பிவிட்டு, நானும் மாமியாரும் உள்ளே போனோம். மத்தியானத்துக்குள் குழந்தை என் கைக்கு வந்துவிட்டது. வந்ததும் வீல் என்று கத்தியது. அந்த நிமிஷத்தில் எந்த வீட்டிலும் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். தேசம்மா அதைக் கேட்கவில்லை. தலையைத் தூக்கக்கூட முடியாமல், "ஒடம்புல இன்னா கீது பாரு" என்றாள்.

மாமியார் பின்கதவைத் திறந்து வெளிச்சம் விட்டாள். குழந்தையைத் துடைத்து அந்த வெளிச்சத்தில் பிடித்தேன். நெற்றி, கன்னம், காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பு, அக்குள், முதுகு, தொடை, உள்ளங்கால். மூடியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளங்கையையும் பார்த்தேன். "ஒண்ணும் இல்ல. சுத்தமா கீது" என்றேன். "இன்னொரு தபா பாரு" என்றாள் மாமியார். மறுபடி உச்சியிலிருந்து தொடங்கினேன். அவளும் என் தோளில் இடித்துக்கொண்டு ஓர் அங்குலம் விடாமல் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தேசம்மா அழ ஆரம்பித்தாள். மாமியார் அழுதாள். நான் சத்தம்போட்டே அழுதேன்.

"இன்னா கொயந்த? ஆம்பளையா, பொம்பளையா?" என்று வாசலிலிருந்து எட்டியப்பன் கத்தினான்.

நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"இருப்பா" என்றேன். "பாத்து சொல்றேன்."